ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்த அளவு

அன்புள்ள மகளுக்கு,

என் சம்மதம் இல்லாமல் என்னை நோயாளி ஆக்கிவிட்டார்கள். செய்தது மூன்று பேர். வாரம் மூன்று நாள் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிசியோதெரபிப் பெண் ஒருத்தி, உன் அப்பா ஒருவர், இந்தக் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிற நீ ஒருத்தி. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், சுகமாக இல்லாவிட்டால் அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையெல்லாம் பார்க்க உனக்கு நேரம் கிடைத்திருக்காது. இங்கே உன் அப்பா மிகவும் நலம், எவ்வளவு நலம் என்பதைத்தான் கீழே விவரமாக எழுதப்போகிறேன். நான் நலமா என்று என்னைக் கேட்காதே, என் பெயரில் ஒரு நீல அட்டை போட்டிருக்கிறார்கள், அதைக் கேட்டுக்கொள். இதை போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்வாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கை எழுத வருகிறது, அதில் ஒரு குறையும் இல்லை, மேலே போவதுதான் தகராறு.

முதலில் இருந்து சொல்கிறேன். ஆறு வாரத்துக்கு முன்னால் அப்பாவுக்கு முழங்கால் மாற்றிய கையோடு நீ பத்து நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாய், கிளம்பும்போது இந்தப் பெண்ணை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன், நானே செய்துகொள்வேன் என்றேன். நான் தையலை எவரிடமும் போய்ப் படிக்கவில்லை. ஒரு பழைய சட்டையைப் பிரித்துப் பரப்பி, துண்டு துண்டாகப் பார்த்து, திரும்ப மூட்டிக் கற்றுக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் புரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. உன் அப்பாவின் முழங்காலைப் பிரித்ததை நான் பார்க்கவில்லை, மூடியதைப் பார்த்தேன், இருபத்தெட்டு கிளிப், நடுவில் நான்கு கோணல், என் கடையில் ஒரு தலையணை உறையை அப்படி மூடினால் வாங்க மாட்டார்கள். நீ கேட்கவில்லை. அந்தப் பெண் வந்தாள். வந்த அன்று அரை மணி நேரம் காலையே தொடவில்லை, கேள்வியாகக் கேட்டாள். வாசலில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், கழிப்பறை இருக்கை எவ்வளவு உயரம், தரை விரிப்பின் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா, கட்டிலில் எந்தப் பக்கமாக இறங்குகிறார். இவள் காலைப் பார்க்க வந்தாளா வீட்டை வாங்க வந்தாளா என்று அப்பாவிடம் கேட்டேன். பிறகுதான் ஒரு கோணமானியை எடுத்தாள். பள்ளிக்கூடத்து ஜியோமெட்ரி டப்பாவில் இருக்குமே, அதற்கு இரண்டு நீளக் கை முளைத்த மாதிரி இருக்கும், அதை முழங்கால் பக்கத்தில் வைத்து எண்பத்திரண்டு டிகிரி மடங்குகிறது என்று எழுதினாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் வைத்த பெயர் கோணமானிக்காரி. அவளுக்கும் தெரியும், போனை எடுத்தால் கோணமானிக்காரி பேசறேம்மா என்கிறாள், வெட்கம் கிடையாது.

வலி எவ்வளவு என்று கேட்க அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, சைபர் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. உன் அப்பா எல்லாவற்றுக்கும் எட்டு என்றார். காலை மடக்கினால் எட்டு, நீட்டினால் எட்டு, போர்வையை இழுத்துவிட்டால் எட்டு. டிக்கெட் கவுன்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து எழுந்திருக்க மறந்த மனிதர், அவருக்கு உட்கார ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. நான்தான் தூக்கினேன். நாற்காலியில் இருந்து, கட்டிலில் இருந்து, கழிப்பறையில் இருந்து, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அவர் எதிரில் நின்று, அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. அவர் எடை உனக்குத் தெரியும். தூக்கிவிட்டு அடுப்பைப் பார்ப்பேன், அடுப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து துணி வெட்டுவேன். ஒரு நாள் முகம் சுளித்ததுண்டா என்று அவரையே கேள்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அப்பாவுக்கு நடை பழக்கிவிட்டு, போகிற வழியில் கோணமானிக்காரி முன் அறையில், கடையில், வந்து நின்றாள். வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட் தைச்சுக் குடுங்கம்மா என்றாள். சரி, ஸ்டூலில் உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். தோள் எடுத்தேன், கை எடுத்தேன், நோட்டில் எழுதினேன். சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லாரையும் உட்கார வெச்சுத்தான் அளவெடுப்பீங்களா என்று கேட்டாள். ஆமாம், இது புது முறை என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஆட்டலை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்தார். நான் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தார். முன்பக்கம் ஏறி பெல்ட் பக்கிள் தெரிகிறது, பின்பக்கம் முழங்கால் வரை தொங்குகிறது. அம்மா, முன்னாடி இருந்து பாத்தா சட்டை, பின்னாடி இருந்து பாத்தா கோட்டு, நான் வர்றேனா போறேனான்னு வாடிக்கையாளருக்கே சந்தேகமா இருக்கு என்றார். நீங்கள் வளர்ந்திருப்பீர்கள் என்றேன். ஐம்பத்து மூணு வயசுல எங்கம்மா வளர்றது என்றார். அது எனக்குத் தெரியாது, நோட்டில் இருக்கிற அளவுதான் தைத்தேன் என்றேன். தைத்தது அந்த அளவுதான், அதில் நான் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்தால் ஆளின் வயிறு சுருங்கும், முதுகு வளைந்து நீளும், முன்பக்கம் குறையும், பின்பக்கம் கூடும், அதைக் கழித்துக் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன், இவருக்கு மட்டும் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன். மூன்று மாதத்தில் ஐந்து பேருக்கு அப்படி ஆகிவிட்டது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், எப்படியும் உன் காதுக்கு வந்திருக்கும்.

கோணமானிக்காரி எழுந்து மருந்துக்கடைக்காரரை என் எதிரில் நிற்க வைத்தாள். இவருக்குத் தோள் அளவு மறுபடி எடுங்கம்மா, நான் எழுதிக்கறேன் என்றாள். அவர் பனைமரம். நான் டேப்பை இடது கையில் எடுத்தேன். வலது கையில எடுங்க என்றாள். எடுத்தேன். தூக்கினேன். என் தோள் காது வரை போனது, உடம்பு இடது பக்கம் சாய்ந்தது, கை மட்டும் அவர் சட்டைப் பாக்கெட் உயரத்தில் நின்றுவிட்டது. அவள் எனக்குப் பின்னால் வந்து என் தோள்பட்டை எலும்பில் உள்ளங்கையை வைத்தாள். எத்தனை நாளா இப்படி என்றாள். காலையிலிருந்துதான் என்றேன். எந்த வருஷத்துக் காலைம்மா என்றாள். மருந்துக்கடைக்காரர் சிரித்தார், அவருக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் கொஞ்சம் பாக்கட்டுமா என்று கேட்டாள். பார்த்துக்கொள், ஒன்றும் கிடைக்காது என்றேன். இதைத்தான் அவள் சம்மதம் என்று அட்டையில் எழுதியிருக்கிறாள். அது சம்மதம் இல்லை, சவால். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்ன படித்தாளோ.

மருந்துக்கடைக்காரரை அனுப்பிவிட்டு என்னை என் ஸ்டூலிலேயே உட்கார வைத்தாள். முதலில் கழுத்தைத் திருப்பச் சொன்னாள். அட, தோள் என்கிறேன், கழுத்தைப் பிடிக்கிறாயே என்றேன். கழுத்துல இருந்துகூட தோளுக்கு வலி இறங்கும், அது இல்லைன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும் என்றாள். அது இல்லை என்று தெரிந்துகொண்டாள். பிறகு நானாகக் கையைத் தூக்கச் சொல்லி அளந்தாள். பிறகு கையைத் தளர்த்தி விடுங்க, நான் தூக்கறேன் என்றாள். அவள் தூக்கினாலும் அதே இடத்தில் போய் நின்றது. பாருங்க, நீங்க தூக்கினாலும் அங்கதான், நான் தூக்கினாலும் அங்கதான், தசை சோம்பேறியா இருந்தா நான் தூக்கும்போது போயிருக்கும், இது மூட்டைச் சுத்தி இருக்கிற உறையே இறுகிப்போச்சு என்றாள். உறை சுருங்கினால் உள்ளே இருப்பது திரும்பாது, அது எனக்கு விளங்குகிற விஷயம், நான் அதை அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளியே திருப்பச் சொன்னாள். இடது கை கதவு மாதிரித் திறந்தது, வலது கை திறக்கவே இல்லை. பின்பக்கம் கொண்டுபோய் முதுகைத் தொடச் சொன்னாள். இடது கட்டைவிரல் நடுமுதுகு வரை போனது, வலது இடுப்பிலேயே நின்றுவிட்டது. அப்போது அவள் என் முடியைப் பார்த்தாள். நான் போன மாதம் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேனே, அதை. ஒன்றும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் எனக்குச் செய்த மரியாதை.

வலி எத்தனை என்றாள். ஒன்று என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இப்போ என்றாள். ஒன்று என்றேன். இன்னும் தள்ளினாள். ஒன்று என்றேன். அட்டையில் என்ன எழுதினாள் தெரியுமா, வலி ஒன்று, கண்ணில் தண்ணீர் என்று எழுதியிருக்கிறாள். நான் விடுவேனா. நீ எழுந்து நில் என்றேன், நின்றாள். ஊரில் பாதிப் பேரின் தோளைப் பார்த்தவள் நான், உன் இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது, பையை எப்போதும் ஒரே பக்கம் மாட்டுகிறாய், இன்னும் பத்து வருஷத்தில் நீயும் இந்த ஸ்டூலில்தான் உட்காருவாய் என்றேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். ஆமாம்மா என்றாள். தப்பை ஒத்துக்கொள்கிறவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, நீ ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை.

சாரை எப்படித் தூக்கறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க என்று உள்ளே அழைத்துப்போனாள். போனதும், ஒரு துண்டு எடுத்துட்டு வாங்கம்மா என்று என்னை அனுப்பினாள். நான் துண்டோடு திரும்பி வருகிறேன், கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே உன் அப்பா இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், நாற்காலியில் இருந்து எழுந்திருக்கிறார், உட்காருகிறார், எழுந்திருக்கிறார், உட்காருகிறார். அவள் போனில் நேரம் வைத்துக்கொண்டு ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணுகிறாள். முப்பது விநாடியில் ஒன்பது தடவை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என்னைப் பார்த்தார். பொத்தென்று உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எட்டு என்றார்.

கையும் களவுமாகப் பிடித்த பிறகு பூசி மெழுக என்ன இருக்கிறது. எத்தனை நாளாக எழுந்திருக்க வருகிறது என்று கேட்டேன். முதல் ரெண்டு வாரம் நிஜமாவே முடியலை என்றார். அப்புறம் என்றேன். அப்புறம் முடிஞ்சுது, ஆனா நான் எழுந்திருக்கலாம்னு நினைக்கிறதுக்குள்ள நீ ஓடி வந்து அக்குள்ள கையைக் குடுத்துடற, விடுன்னா விழுந்துடுவீங்கன்னு கத்தற, நான் எப்பதான் எழுந்திருக்கிறது என்றார். சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றேன். முழங்காலைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண் பக்கத்தில் இருக்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல் சொன்னார், இத்தனை வருஷத்துல நீ என் பக்கத்துல வந்தது எல்லாம் காலர் அளவெடுக்கத்தான், இப்போ ஒரு நாளைக்குப் பத்து தடவை கட்டிப் பிடிக்கிற, அதை நானே போய்க் கெடுத்துக்கணுமா என்றார். கோணமானிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது. இதை மகளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். நான்கு வாரம் உட்கார்ந்திருந்த ஆளைத் தூக்கித் தூக்கி, ஏற்கெனவே பிடித்திருந்த தோளை நானே இன்னும் கெடுத்துக்கொண்டேன் என்பதுதான் இதன் சாராம்சம். ஏற்கெனவே பிடித்திருந்தது என்ற வார்த்தையைக் கவனித்திருப்பாய். ஆமாம், அவருக்கு ஆபரேஷன் ஆவதற்கு முன்பே.

பிறகு அப்பாவை நானே விசாரித்தேன், அவர் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை, உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அம்மா போனை இடது கையில் பிடிக்கிறாள், மேல் அலமாரிப் பக்கமே போவதில்லை, வெயிலே இல்லாத மாதத்தில் வெயில் தாங்கவில்லை என்று முடியை வெட்டியிருக்கிறாள், அப்பாவைப் பார்க்கிற சாக்கில் அம்மாவையும் பாருங்கள் என்று அந்தப் பெண்ணிடம் நீ பேசியிருக்கிறாய். கோட் வேண்டும் என்று வந்ததே பொய். என் கடையில், என் டேப்பை வைத்தே, என்னைப் பிடித்தீர்கள்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், கடையை மூடும்மா, இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்பாய். அப்பாவுக்கு வேலை முடிந்தது, மாலை போட்டு ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். என்னை எவரும் வேலைக்கு வைக்கவில்லை, நானாக வந்தவள், எனவே என்னை எவரும் அனுப்பவும் முடியாது. பயந்தேன் என்று எழுத மாட்டேன். மூன்று மாதமாகக் கத்திரியைப் பிடிக்கும்போது துணியைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், கடையை மூட வேண்டுமா. மூட வேண்டாம் என்றாள். இது தானாக இறுகியது போலவே மெல்ல மெல்ல விடும், மாதக்கணக்காகும், ஒரு வருஷம்கூட ஆகலாம், முழுக்கப் பழையபடி வருமா என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். வாக்குக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வாசலைக் காட்டியிருப்பேன். இந்தக் கையால உங்களுக்கு என்ன செய்யணும் என்று கேட்டாள். எல்லாம் என்றேன். எல்லாம்னு எழுத அட்டையில இடமில்லை, ஒண்ணு சொல்லுங்க என்றாள். நின்றுகொண்டிருக்கிற ஆளுக்கு அளவெடுக்க வேண்டும் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மேஜையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலாலேயே ஏறுவது, ஒரு கம்பைப் பிடித்து முன்கையை வெளியே தள்ளுவது என்று மூன்று கொடுத்தாள். கம்புக்குப் பதில் என் மரஸ்கேலை வைத்துக்கொண்டேன், அதை நல்ல யோசனை என்று ஒத்துக்கொண்டாள். பத்து தடவை சொன்னாள், நான் முப்பது தடவை செய்தேன், மறுநாள் கை பல் துலக்கக்கூட எழும்பவில்லை. அதற்குத் திட்டினாள். மருந்தை மூணு மடங்கு குடிப்பீங்களா என்று கேட்டாள். வலி எத்தனை என்றாள். மூன்று என்றேன். அப்பாடா, முதல் தடவையா நிஜம் வருது என்று கை தட்டினாள். நிஜம் ஐந்து, அவளுக்கு எதற்கு அவ்வளவு சந்தோஷம் என்று இரண்டு குறைத்துக்கொண்டேன்.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், இதில் மாற்றம் கிடையாது.

உன் அப்பா: தானே எழுந்திருக்க வேண்டும், தானே உட்கார வேண்டும், காலை மாலை பத்துப் பத்து தடவை. எட்டு என்ற எண்ணை இந்த வீட்டில் இனி அவர் சொல்லக்கூடாது. மற்றபடி பக்கத்தில் வருவதைப் பற்றி அவர் சொன்னதற்கு, எழுந்து நின்ற பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கோணமானிக்காரி: பொய்யாகக் கேட்ட கோட்டை நிஜமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி ஒரு பை வெட்டி வைத்திருக்கிறேன், அதை மாட்ட வேண்டும், மூன்று வாரம் கழித்து அவள் தோளை நான் அளப்பேன், அவளுக்கும் ஒரு அட்டை போட்டாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர்: கோட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், சிரிக்காமல் கொடுக்க வேண்டும். மற்ற நான்கு பேரும் அப்படியே. நானே பிரித்துத் தைக்கிறேன்.

நான்: வியாழக்கிழமை போய்ச் சர்க்கரை சோதித்துக்கொள்ள வேண்டும், அது இருந்தால் தோள் இப்படிப் பிடிக்குமாம். வெட்டுகிற மேஜையின் காலைத் தச்சரை வைத்து நான்கு அங்குலம் குறைக்க வேண்டும். சுவரில் விரல் ஏற்ற வேண்டும், பத்து என்றால் பத்து. கைவிரல் எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். முதல் கோடு விளக்கு சுவிட்சுக்குக் கீழே, இன்று காலை போட்டது சுவிட்சுக்குச் சமமாக. அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நீ: எனக்குத் தெரியாமல் எவரிடமும் என்னைப் பற்றி விசாரிக்கக்கூடாது, என்னிடமே கேள், நான் இல்லை என்றால் இன்னொரு தடவை கேள். போன் பார்க்கும்போது கழுத்தை நீட்டாதே, உனக்குக் கழுத்து முன்னால் வர ஆரம்பித்துவிட்டது, திரையிலேயே தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் கையும் காலும் உன் பேச்சைக் கேட்டு நடக்க, ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் எழுந்து நின்றே ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். வருஷக் கடைசியில் லீவு எடுத்துக்கொண்டு வா, உனக்கு ஒரு கோட் தைக்க வேண்டும். அளவை எழுதி அனுப்பாதே, நேரில் வா. நீ என்னைவிட ஒரு சாண் உயரம், உன் தோள் அந்தச் சுவிட்சுக்கு மேலே இருக்கிறது. வந்து நேராக நிற்க வேண்டும், எனக்கு உதவி செய்வதாக நினைத்து முழங்காலை மடக்கிக் குனியக்கூடாது. ஸ்டூல் கிடையாது, அதை உன் அப்பா எழுந்து உட்காரக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அட்டையில் மட்டும் நோயாளியாக இருக்கிற
உன் அம்மா